செண்பகவல்லி பட்டம் வாங்கும்வரை

எடைமேடை அய்யாத்துரையின் மகள் செண்பகவல்லி செயற்கை நுண்ணறிவில் பிஎச்டி படித்த காலத்தில், அவள் வயிற்றிலிருந்த பிள்ளை, அம்மா பட்டம் வாங்குகிறவரைக்கும் வெளியே வருவதில்லை என்று உள்ளேயே தங்கிவிட்டது என்பது அந்த வருஷங்களில் கோவில்பட்டியில் குடியிருந்த எல்லாருக்கும் தெரியும். மழை பெய்யாதது எப்படித் தெரியுமோ, பங்குனியில் செண்பகவல்லி அம்மனுக்குக் கொடி ஏறுவது எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும், அதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை.

அய்யாத்துரை எட்டயபுரம் ரோட்டில் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவர். லாரி மேடையில் ஏறி நிற்கும், பெட்டியில் நம்பர் ஆடும், ஆடி ஓய்ந்து ஓரிடத்தில் நிற்கும், நின்ற நம்பரைச் சீட்டில் அடித்துக் கொடுப்பார். மாடு ஏற்றின வண்டியாக இருந்தால் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும், நம்பர் நிற்காது, அப்போது அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டியை ஏறச் சொல்லுவார். தொழில் என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தொழிலை விட்டால் அவருக்கு நன்றாக வந்தது கோபத்தை வைத்திருப்பது. அவருக்கு மறக்க வராது. ஏழாவது படிக்கும்போது கணக்கு நோட்டை ஜன்னல் வழியாக எறிந்த வாத்தியாரை, அந்த வாத்தியார் செத்து, அவர் மகன் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன பிறகும் அவர் மன்னிக்கவில்லை. அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போவார். ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையைத் தாண்டிப் பாயசம் போய்விட்டது என்று ஒரு குடும்பத்தோடேயே பேச்சை நிறுத்தியவர். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மனைவி பேச்சியம்மாளின் அண்ணன் சங்கரலிங்கத்தின் மேல் இருந்த கோபம். சங்கரலிங்கம் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயரானவர். செண்பகவல்லிக்குக் காது குத்திய அன்றைக்குச் சபையில் எல்லாரும் கேட்க, "பிள்ளையை ரொம்பப் படிக்க வச்சிராதீரும் மாப்பிள்ளை, அப்புறம் உம்மகூடப் பேச அதுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும்" என்றார். சபை சிரித்தது. அய்யாத்துரையும் சிரித்தார், தான் சிரித்ததையும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் மகளை இன்ஜினீயரிங் சேர்த்தார், அதற்கு மேலும் ஒரு படிப்பில் சேர்த்தார், அதையும் முடித்துவிட்டு அவள் வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது, "ஹெட்மாஸ்டருக்கு மேல என்ன தாயி இருக்கு?" என்று கேட்டார்.

"காலேஜ் புரொபசர் இருக்காங்க. ஆனா அதுக்கு பிஎச்டி முடிக்கணும்ப்பா. பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கிடலாம்."

"அப்ப முடி" என்றார்.

மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பல்கலைக்கழகம் ஒன்றில், தனுஷ்கோடி என்ற பேராசிரியருக்குக் கீழே அவள் சேர்ந்தாள். என்ன படிக்கிறாய் என்று அய்யாத்துரை கேட்டதற்கு, அவள் எடைமேடை அறையின் வாசலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

"மாசமா இருக்கிற பொம்பளைக வயித்துல கேட்கிற துடிப்பை மெஷினுக்குக் கேட்கக் குடுக்கணும்ப்பா. ஊர் ஊரா போய்ப் பதிஞ்சு பதிஞ்சு குடுத்தா, கேட்டுக் கேட்டு அதுவாப் படிச்சுக்கிடும். அப்புறம் புதுசா ஒருத்தி வந்து உட்கார்ந்தா, உனக்கு இன்ன தேதியில வலி வரும்னு அதுவாச் சொல்லும்."

"அதைத்தான் டாக்டரம்மாவே சொல்லுதாகளே?"

"அவங்க சொல்றது குத்துமதிப்பா ஒரு தேதி. இது சரியாச் சொல்லணும்."

குத்துமதிப்பு என்ற சொல்லே அய்யாத்துரைக்குப் பிடிக்காது. அதனால் அந்தப் படிப்பு அவருக்குப் பிடித்துப் போனது.

அவள் கழுகுமலைப் பக்கமும் கயத்தாறு பக்கமும் பஸ் ஏறி இறங்கித் துடிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஜெயச்சந்திரன் ஓசூரில் ஒரு பாக்டரியில் இருந்தான். நாள் தள்ளிப்போன செய்தி வந்ததும், ஊரார் வயிற்றையெல்லாம் பதிந்துவிட்டுத் தன் வயிற்றை மட்டும் விட்டுவிடுவது முறையில்லை என்று நினைத்து, செண்பகவல்லி தன் துடிப்பையும் பிள்ளையின் துடிப்பையும் பதிந்து, மற்ற எல்லாப் பெண்களையும் போலத் தனக்கும் ஒரு நம்பர் போட்டு மெஷினுக்குள் ஏற்றினாள். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்கிற வழக்கப்படி அய்யாத்துரை வேன் பிடித்துப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எட்டாம் மாசம் போனது, ஒன்பதாம் மாசம் போனது, பத்தாம் மாசம் போனது, டாக்டரம்மா சொன்ன தேதியும் வந்துவிட்டு, வந்த வழியே போனது. ஸ்கேனில் பார்த்த டாக்டரம்மா, "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. தண்ணியும் நல்லா இருக்கு. வர மனசு வரலை, அவ்வளவுதான். இழுத்து எடுக்கலாம்னா கத்தி வைக்கிற இடத்துல எல்லாம் வந்து முதுகைக் குடுத்துக்கிட்டுப் படுத்துக்கிடுது. என் கையில என்ன இருக்கு?" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மெஷின் மற்ற எல்லாப் பெண்களுக்கும் சரியாகச் சொன்னது. நாலாட்டின்புதூர்க்காரிக்கு வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை, அவளுடைய நாத்தனாருக்கு அமாவாசைக்கு மறுநாள் என்றால் அமாவாசைக்கு மறுநாள். செண்பகவல்லி தன் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டால் மட்டும் 'நாளை' என்று சொன்னது. மறுநாள் கேட்டாலும் நாளை என்றது. வெயில் காலத்திலும் நாளை என்றது, ஐப்பசியில் அடைமழை கொட்டியபோதும் நாளை என்றது. பேச்சியம்மாள் முதல் கொஞ்ச நாள் வெந்நீருக்கு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள், பிறகு கவிழ்த்த அண்டா கவிழ்த்தபடியே கிடந்தது.

ஒரு வருஷம் ஆனதும் தெருப் பெண்கள் கூடிப் பேசினார்கள். போட்ட வளையல் எல்லாம் உடைந்துவிட்டது, பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, கை மூளியாக இருக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை பிறக்கிறதுக்கு முந்தி ஒரு தரம்தான் போட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று இன்னொருத்தி கேட்டாள். ஆகவே மறுபடியும் வளைகாப்புப் போட்டார்கள், மறு வருஷமும் போட்டார்கள், தை பிறந்தால் செண்பகவல்லிக்கு வளைகாப்பு என்று ஊருக்கு அது ஒரு நல்லநாள் ஆகிவிட்டது, வளையல்காரர் மற்ற வியாபாரத்தை விட்டுவிட்டு அன்றைக்கு அந்தத் தெருவிலேயே இருந்தார், ஏழு வகைச் சோறு கிளறினார்கள், பிள்ளையில்லாதவர்கள் வெளியூரிலிருந்து வந்து மிச்சத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் கர்ப்பமானவர்கள் எல்லாம் பெற்று, அந்தப் பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்குப் போகத் தொடங்கின. அவை செண்பகவல்லியைப் பார்த்தால் வயிற்றைத் தொட்டு, "அண்ணாச்சி இன்னும் தூங்குதாகளா?" என்று கேட்கும். வயதில் மூத்ததாயிற்றே, மரியாதையாகத்தான் கேட்கும். பப்ளிக் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்து வயிற்றில் காது வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாகூடவே யூனிவர்சிட்டிக்குப் போய் இவ்வளவு காலம் பாடம் கேட்கிற பிள்ளை, கொஞ்சமாவது ஒட்டாதா என்று. ஒரு தனியார் பள்ளிக்கூடத்து முதலாளி தேங்காய் பழத்தோடு வந்து, பிறந்ததும் நேராக இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம் என்று சொல்லி, வயிற்றுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ரேஷன் கடைக்காரர் மட்டும் பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்.

அய்யாத்துரைக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப் போனது. சாயங்காலம் யூனிவர்சிட்டி பஸ்ஸை விட்டு இறங்கி செண்பகவல்லி எடைமேடை அறையில் கொஞ்சநேரம் காலை நீட்டி உட்காருவாள். அவர் அன்றைக்கு வந்த வண்டிகளைச் சொல்லுவார், எந்த டிரைவர் தன்னை எப்படி ஏய்க்கப் பார்த்தான் என்று சொல்லுவார், ஊரில் வேறு யாரும் காது கொடுக்காத அந்தப் பழைய கோபங்களை ஒன்று ஒன்றாக எடுத்துச் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரியான இடத்தில் பிள்ளை ஓர் உதை விடும். "பாத்தியா, அவனுக்கே பொறுக்கலை" என்பார். பேரன் என்றுதான் அவர் வைத்திருந்தார். பிறந்தால் இந்தக் கோபங்களில் பாதியை அவனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்றுகூட நினைத்திருந்தார்.

பட்டம்தான் வரவில்லை. தனுஷ்கோடி கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் இன்னும் கொஞ்சம் என்று சொல்லுகிறவர். இன்னும் கொஞ்சம் துடிப்புச் சேர்த்துக்கொண்டு வா என்பார், சேர்த்தால், இன்னும் ஒரு கட்டுரை எழுது என்பார், எழுதி அனுப்பினால் அது முகம் தெரியாத மூன்று பேரிடம் போய் ஒரு வருஷம் கிடந்து திரும்பி வரும், திரும்புவதற்குள் எங்கேயோ தேசாந்தரத்தில் யாரோ ஒரு பையன் புதுவிதமான மெஷின் மூளை ஒன்றைக் கண்டுபிடித்திருப்பான், இந்தப் பழைய மூளையை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் போக முடியாதும்மா என்று தனுஷ்கோடி சொல்லுவார், செண்பகவல்லி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பல்கலைக்கழகத்தில் அந்தக் கணக்கைப் போடுகிற பெரிய மெஷின் ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். நடுவில் தனுஷ்கோடி வீட்டுக் கரண்டு பில்லைக் கட்டுவது, அவர் மகனுக்குப் பள்ளிக்கூடப் பிராஜெக்ட் செய்து கொடுப்பது, ஆராய்ச்சியைச் சோதிக்கிற கமிட்டிக்காரர்கள் வருகிற நாளில் முந்திரிப் பக்கோடாவும் டீயும் ஏற்பாடு செய்வது எல்லாம் இவள் பாடு. மேடிட்ட வயிற்றோடு இத்தனையும் செய்தாள். துறையில் எல்லாரும் பழகிவிட்டார்கள். அவளுக்கென்று மேஜையில் அரைவட்டமாக வெட்டிக்கூடக் கொடுத்திருந்தார்கள்.

ஓசூர்க்காரர்கள்தான் பொறுக்கவில்லை. சம்பந்தியம்மாள் போன் போட்டு, "எங்க வீட்டுப் பிள்ளையை உங்க வீட்டுல எத்தனை காலத்துக்கு வச்சிக்கிறதா உத்தேசம்?" என்று கேட்டாள். பெறாமல் கூட்டிக்கொண்டு போகவும் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஜெயச்சந்திரன் மாசம் ஒரு தரம் வந்துகொண்டிருந்தவன், பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தான், வந்து மனைவியின் வயிற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் என்ன செய்யட்டும் மாமா, என் கையில என்ன இருக்கு?" என்று அழுதான். சங்கரலிங்கம் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நின்று விசாரிப்பார். "என்னவே மாப்பிள்ளை, மக டாக்டராயாச்சா? பேரன் எம்மட்டுல இருக்கான், உள்ள இருந்தே சர்வீஸ்ல சேர்ந்துருவான் போலருக்கே?" அய்யாத்துரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

எத்தனையோ கமிட்டி கூடி, எத்தனையோ பக்கோடா சாப்பிட்டான பிறகு, ஒருநாள் தனுஷ்கோடி செண்பகவல்லியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது, மெஷின் எல்லாருக்கும் சரியாகச் சொல்லுகிறது, ஒரே ஒருத்தி விஷயத்தில் மட்டும் தினமும் தப்பாகச் சொல்லுகிறது, தினமும் தப்பாகச் சொல்லுவதால் அந்த ஒருத்தியின் தப்புகள் சேர்ந்து சேர்ந்து மற்ற எல்லாச் சரியையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன.

"அந்த ஒரு கேஸை எடுத்துரும்மா. அவுட்லையர். மத்ததோட ஒட்டாத ஒண்ணு. உலகம் பூராவும் எடுக்கத்தான் செய்யிறாங்க. எடுத்தா நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"அது நான்தான் சார்" என்றாள் செண்பகவல்லி.

"ஆராய்ச்சியில நான் நீன்னு கிடையாதும்மா. நம்பர்தான்."

அவள் எடுக்கவில்லை. எடுக்காமல் ஒரு கோடை போனது, ஒரு மழை போனது, வளைகாப்பு இன்னொன்று வந்தது. விஷயம் பேச்சியம்மாள் வழியாக அய்யாத்துரைக்குத் தெரிந்ததும், அவர் சாத்தூர் காராச்சேவும் நம்ம ஊர்க் கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். வாழ்க்கையில் யாரிடமும் போய் நின்றிராதவர் தனுஷ்கோடியின் அறைக்கு வெளியே மத்தியானம் வரைக்கும் நின்றார். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தார். உள்ளே போனதும், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், மேஜை நிறையக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"பெரியவரே, நான் வேணும்னேவா செய்யிறேன்? மேல இருக்கிறவங்க நம்பர் கேட்கிறாங்க. நம்பர் வரலைன்னா அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அடுத்த வருஷம் வேற புதுசு வந்திரும். உங்க பொண்ணு இப்படியே இருந்திரும். என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் செண்பகவல்லி எடைமேடை அறையில் வந்து உட்கார்ந்தபோது அய்யாத்துரை வண்டிக் கதை எதுவும் சொல்லவில்லை.

"தாயி, மாட்டு லாரி ஏறினா நம்பர் நிக்காது. ஆடிக்கிட்டே கிடக்கும். நான் என்ன செய்வேன்?"

"சீட்டைக் கிழிச்சுப் போட்டுருவீங்க."

"கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த வண்டியை ஏத்துவேன். சீட்டைக் கிழிச்சதுனால லாரி காணாமப் போயிருமா? மாடு செத்துப் போயிருமா? அது பாட்டுக்கு ரோட்டுல போய்க்கிட்டுத்தான் இருக்கும். கணக்குலதான் இருக்காது."

அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"பயமா இருக்குப்பா. அங்க இருந்து எடுத்தா இங்க இருந்தும் போயிருமோன்னு இருக்கு."

"மெஷின்ல இருந்துதான எடுக்கச் சொல்லுதாக. வயித்துல இருந்தா எடுக்கச் சொல்லுதாக? கையெழுத்து விழட்டும். பட்டம் வரட்டும். அதுக்குத்தான அவனும் காத்துக்கிட்டு இருக்கான்."

பிள்ளை உள்ளே அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. அய்யாத்துரை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் எடுத்தாள். மெஷினுக்குள் அவள் நம்பர் இருந்த ஒரே ஒரு வரி. எடுத்ததும் மெஷின் குறையில்லாத நம்பரைக் காட்டியது, தனுஷ்கோடி சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டார், இத்தனை வருஷம் நகராத தேர் சரசரவென்று நகரத் தொடங்கியது.

ஆய்வேட்டின் சுருக்கத்தை எழுதிக் கொடுத்த வாரம், மாசாமாசம் மாத்திரை கொண்டு வருகிற நர்ஸம்மா தெருவழியாக வந்து அய்யாத்துரை வீட்டைத் தாண்டிப் போனார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "இந்த வீட்டுல யாரு மாசமா இருக்கா?" என்றார். ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்த வாரம் பால்வாடிப் பிள்ளைகள் செண்பகவல்லியைக் கடந்து ஓடின, ஒன்றுகூட அண்ணாச்சியைக் கேட்கவில்லை. வெளியூர்ப் பரீட்சையாளர்களுக்கு அனுப்பிய மாசம் தை பிறந்தது, வளையல்காரர் வழக்கம்போல அந்தத் தெருவுக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். யாரும் பொய் சொல்லவில்லை. வருகிறபோது எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே போகிறபோதும் ஏற்றுக்கொண்டார்கள். வயிறும் அப்படித்தான், வலியில்லாமல், ரத்தமில்லாமல், கோடையில் கண்மாய்த் தண்ணீர் இறங்குகிற மாதிரி தினம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கியதைப் பேச்சியம்மாள் பார்க்கவில்லை. மகளின் ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டே, "படிச்சுப் படிச்சு இளைச்சுப் போயிட்டா" என்றாள்.

"ஏட்டி, வயித்துல பிள்ளை இருந்துச்சே" என்றார் அய்யாத்துரை.

"யாரு வயித்துல?" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பிறக்கும், எல்லாம் பிறக்கும். முதல்ல மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

ஊரில் எல்லாருக்கும் மறந்தது, அவருக்கு மட்டும் மறக்கவில்லை. மறக்கிற சக்தி அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. மகளிடம் போய் நின்றார். அவள் கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, அந்த வரியைத் திரும்பப் போட்டுரு. பட்டம் வேண்டாம். நான் சொன்னது தப்பு. லாரி வேற, இது வேற."

அவள் திரையில் மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். "எந்த வரின்னு தெரியலையேப்பா. ஆனா நீங்க சொல்லும்போது என்னமோ செய்யுது. பாலை அடுப்புல வச்சிட்டு வெளிய வந்துட்ட மாதிரி இருக்கு" என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வாய்மொழித் தேர்வு நாளில் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஒட்டிய வயிற்றோடு செண்பகவல்லி மேடையில் நின்று பேசினாள். வடக்கே இருந்து வந்திருந்த பரீட்சையாளர் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பிழைகூட இல்லாத இப்படி ஒரு மெஷினைத் தான் பார்த்ததில்லை என்று அவர் பாராட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயச்சந்திரன் அதை அய்யாத்துரையின் காதில் தமிழில் சொன்னான். சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

இது எல்லார் முன்னாலும் நடக்கிற தேர்வு, ஆகையால் வந்திருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று தனுஷ்கோடி மைக்கில் சொன்னார். அது ஒரு சம்பிரதாயம். கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட கேள்வியைக் கேட்கும், இவள் பதில் சொல்லுவாள், சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பிள்ளை பாதி எழுந்தபோது பின்வரிசையில் அய்யாத்துரை எழுந்துவிட்டார். பேச்சியம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை. மைக்கைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வகுப்பு மாதிரி ஓர் அறையில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். ஒரு பிள்ளை இருந்துச்சு. அஞ்சாறு வருஷமா இருந்துச்சு. உங்க மெஷினு அதுக்கு நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. நாங்களும் இருந்தோம். அந்தப் பிள்ளை எங்க?"

வடக்கத்திக்காரர் தனுஷ்கோடியிடம் குனிந்து என்ன என்று கேட்டார். தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நினைவுக்கு வராத எதையோ நினைத்துப் பார்க்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். செண்பகவல்லி கீழே அப்பாவைப் பார்த்தாள். மேடையில் நிற்பதால் அப்பா என்று கூப்பிடவில்லை. கேள்வி கேட்பவர் யாராக இருந்தாலும் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்களோ அப்படிச் சொன்னாள்.

"நல்ல கேள்விங்கய்யா. எங்க தரவுல அப்படி ஒரு பதிவு இல்லை. இருந்திருந்தா, மெஷின் சரியான தேதியைச் சொல்லியிருக்கும். நன்றி."

எல்லாரும் கை தட்டினார்கள். வடக்கத்திக்காரர் எழுந்து கைகொடுத்தார். சங்கரலிங்கம் சால்வையோடு மேடை ஏறி, கேலி ஒரு துளிகூட இல்லாமல், "டாக்டரம்மா" என்று கூப்பிட்டுப் போர்த்திவிட்டார். எந்த வார்த்தைக்காக அய்யாத்துரை இத்தனை காலம் காத்திருந்தாரோ அந்த வார்த்தை அந்த வாயிலிருந்தே வந்தது, வந்து அவர் பக்கம் வராமல் எங்கேயோ போனது. சங்கரலிங்கத்தின் மேல் கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. தனுஷ்கோடியின் மேல், அந்த வடக்கத்திக்காரரின் மேல், மெஷினின் மேல், ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் மேலும் நிற்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் பிரியாணி பரிமாறினார்கள், தனுஷ்கோடிக்கும் பரீட்சையாளருக்கும் தனியாக மேஜை போட்டிருந்தது. மகளுக்கு எதிரே அய்யாத்துரை உட்கார்ந்திருந்தார், அவர் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. பரீட்சையாளர் விமானத்துக்குக் கிளம்புகிறார், வந்து வழியனுப்புங்கள் என்று யாரோ செண்பகவல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். எழுந்தபோது அவளுடைய இடது கை அவளைக் கேட்காமல் பின்னால் போய் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது, காலை அகட்டி வைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, நிறைமாதக்காரி எழுகிற மாதிரி மெல்ல எழுந்து, எதற்கு இப்படி எழுந்தோம் என்று அவளே ஒரு நொடி விழித்தாள்.

வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அய்யாத்துரை அவசரமாக எழுந்து, வழியில் நெருக்கிப் போட்டிருந்த நாற்காலிகளை ஒன்று ஒன்றாக இழுத்து ஓரத்தில் போட்டார். "ஒரு ஆள் போறதுக்கு எதுக்குங்க இவ்வளவு இடம்?" என்று பரிமாறுகிற பையன் கேட்டான். அவர் கடைசி நாற்காலியையும் இழுத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். செண்பகவல்லி அந்த வழியில் எங்கும் இடித்துக்கொள்ளாமல் நடந்து போனாள்.